சித்திரைச் சந்தையின் வரலாற்றை எழுத உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையை ஒட்டி, மலையடிவாரத்தை நோக்கி அமைந்திருக்கும் நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் இளவேனிலில் கூடும் சித்திரைச் சந்தையின் வரலாற்றை எழுதும் பணி இம்மாதம் நிறைவுற்றது. ஓராண்டுக் காலம் இப்பணியில் எனக்குத் துணைநின்றவர்களுக்கு நம் நலச்சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சங்கத்தின் பழைய பதிவேடுகள் இருந்த மர அலமாரியைத் திறந்த நாளில், கரையான் அரித்த தூளைத் தவிர அதில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இனி எழுதுவதற்கு எதுவுமில்லை என்றே எண்ணினேன். செய்தி கேள்விப்பட்ட மூன்றாம் தெரு அம்மையார் ஒருவர், தம் மாமியாரின் பலகாரக் குறிப்பு நோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு துண்டறிக்கையை மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து தந்தார். சந்தையைப் பற்றி இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய தாள் அதுதான். மாடர்ன் தியேட்டர்ஸைத் தாண்டி வரவேண்டும் என்று வழி சொல்லும் அந்தத் தாளில் தேதியும் கிழமையும் இருந்தனவே தவிர, ஆண்டு இல்லை. அந்தத் தாளை இத்தனை காலம் மடிப்புக் கலையாமல் காத்த அந்தக் குடும்பத்திற்கு என் முதல் நன்றி.

அத்தாளில் லை, னை முதலிய எழுத்துகள் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தன. எனவே அது 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் அச்சானது என்று நானே முடிவுகட்டி, சந்தையின் வயதைப் பத்தாண்டுக்கு மேல் கூட்டி முதல் இயலை எழுதியும் விட்டேன். அந்தப் பிழையிலிருந்து என்னைக் காத்தவர், செவ்வாய்ப்பேட்டையில் நெடுங்காலம் அச்சுக் கோத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். ஈய எழுத்துகளைப் புதிதாக வாங்க வசதியில்லாத சிறிய அச்சகங்கள், அரசாணை வந்த பின்னும் பல ஆண்டுகள் கையிலிருந்த பழைய எழுத்துகளையே கோத்து வந்ததைப் பொறுமையாக எடுத்துச் சொன்னதோடு, தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, தண்ணீர் லாரி அனுப்பிய சேலம் நகராட்சிக்கு நன்றி என்று அடியில் இருந்த சிறிய வரியையும் சுட்டிக்காட்டினார். சேலம் 1994இல் மாநகராட்சி ஆயிற்று. ஆகவே தாள் அதற்கு முந்தியது. உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். எண்பது வயதைக் கடந்த அவர், வெயிலைப் பொருட்படுத்தாமல் இரண்டு பேருந்து மாறி என் வீட்டிற்கு மும்முறை வந்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆண்டு எது என்பதைத் தீர்த்து வைத்தவர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து தொடக்கம் முதலே கூடையில் மாம்பழம் கொண்டுவந்து நம் புளியமரத்தடியில் தரைக்கடை போட்ட மூதாட்டி. எந்தக் கணக்கு நோட்டையும் பார்க்காமல், எம்.ஜி.ஆர். மறைந்ததற்கு அடுத்த சித்திரையில்தான் தாம் முதன்முதலாக இங்கே கடை போட்டதாக அவர் சொன்னார். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பரில். ஆகவே மூதாட்டி சொன்ன 1988ஆம் ஆண்டும் துண்டறிக்கையில் இருந்த தேதியும் கிழமையும் பஞ்சாங்கத்தில் பொருந்தி வந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அந்த மூதாட்டிக்கு நாம் பட்டிருக்கும் கடன் இதற்கும் மேலானது. தொடக்க ஆண்டுகளில் சந்தை சித்திரை முதல் ஞாயிறன்றே கூடியது. புத்தாண்டுக் களிப்போடு சேர்ந்து வரட்டும் என்று குழுவினர் எண்ணியிருந்தனர். அந்த நாளில் சேலத்து மாமரங்களில் காய் முற்றியிருக்காது. முற்றாத காயை விற்பனைக்கு ஆயத்தப்படுத்த வேண்டுமென்றால் கார்பைடு கல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கல் வைத்த பழம் மேல்தோல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி நிற்கும், அறுத்தால் கொட்டையருகில் புளிக்கும், மணமும் இராது. மற்றவர்கள் அப்படிக் கொண்டுவந்த ஓர் ஆண்டில் அவர் வெறுங்கூடையோடு வந்து, மரம் தரும்போதுதான் சந்தை வைக்க வேண்டும் என்று குழுவினரிடம் வாதாடியிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து சந்தை சித்திரைக் கடைசி ஞாயிறுக்கு மாறியது. வைக்கோலில் பழுத்த பழம் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று நாம் இன்றும் கடைப்பிடிக்கும் விதியும் அப்போது பிறந்ததுதான். இமாம்பசந்து, குண்டு ஆகிய மாம்பழ வகைகள் வந்து இறங்க, தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் நுழையும்போதே முகத்தில் அறையும் அந்த மணத்தை நமக்குத் தந்தவர் அவர். இதைக் குழுவின் முடிவு என்றே நம் ஆண்டறிக்கைகள் இதுநாள்வரை எழுதி வந்தன. அந்தக் குறையை வரலாற்றின் இரண்டாம் இயலில் திருத்தியிருக்கிறேன். அவரிடம் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டேன்.

நாள் மாறியதால்தான் மலையிலிருந்து வருவோருக்கும் வாய்ப்பு அமைந்தது. மாசி பங்குனியில் பறித்து உலர்த்திய மிளகு, அதற்கு முன்னரே பறித்துக் காயவைத்த காப்பிக்கொட்டை, அப்போதுதான் பழுக்கத் தொடங்கும் பலா ஆகியவற்றோடு சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முதல் பேருந்தில் வந்து இறங்குவார்கள். இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அந்தக் காப்பியைத் தலைச்சுமையாக நம் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இம்முறை அவர்கள் தங்கள் கிராமங்களில் எனக்கு இடம் தந்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து, யார் யார் எந்தெந்த ஆண்டு வந்தார்கள் என்பதைச் சொன்னார்கள். அவர்கள் இசைந்த பெயர்கள் அனைத்தும் நூலில் இருக்கின்றன.

ஜவ்வரிசி வடகக் கடை, தட்டுவடை செட்டுக் கடை, கொலுசுக் கடை ஆகியவற்றை நடத்தும் குடும்பத்தினர் பழைய ரசீதுகளைத் தந்து உதவினர். மைக் செட்டுக்காரர் தம் ஒலிநாடாக்களை இரவல் கொடுத்தார். அனைவருக்கும் நன்றி.

2020இலும் 2021இலும் ஊரடங்கால் சந்தை கூடவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வரிதான் எழுத இருக்கும் என்று நினைத்திருந்தேன். தோட்டங்களில் பழம் தேங்கிக் கிடப்பதை அறிந்து, நம் குடியிருப்பு இளைஞர்கள் வீடு வீடாகத் தொலைபேசியில் தேவையைக் கேட்டு, உரிய அனுமதி பெற்று மொபெட்டில் கூடை கூடையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன கணக்கை, ஒரு கல்லூரி மாணவி தம் கைப்பேசியிலிருந்து முழுவதுமாக எடுத்துத் தந்தார். யார் எத்தனை கிலோ வாங்கினார்கள், பணம் எந்தத் தோட்டத்திற்குப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த இயல்தான் நூலிலேயே நீளமானது. அம்மாணவிக்கும் அவருடைய நண்பர்களுக்கும் சங்கம் தலைவணங்குகிறது.

நீங்கள் நம்பிக்கையோடு என்னிடம் ஒப்படைத்த தாள்களும் படங்களும் ஒலிநாடாக்களும் படியெடுக்கப்பட்டு உறையிலிடப்பட்டுள்ளன. வரும் ஞாயிறு முதல் நானே ஒவ்வொரு வீட்டிற்கும் வந்து திருப்பித் தருவேன். நூலின் முதல் படியை அடுத்த சித்திரைச் சந்தையில், புளியமரத்தடியில் அந்த மூதாட்டி கடை போடும் இடத்திலேயே அவர் கையில் கொடுக்க இருக்கிறோம். அதற்குள் எவர் பெயராவது விடுபட்டிருப்பது தெரிந்தால் தயைகூர்ந்து உடனே சொல்லுங்கள். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம், சேலம்