ஆச்சி வீட்டு டிவி ஓடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது டிஜிட்டல் முறை வருகிறது, பழைய டிவி எல்லாம் இனி ஓடாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி கையில் ஒரு விலைச் சீட்டோடு வந்தார். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கக் காரைக்குடிக்குப் போன இடத்தில், கடைக்காரர், "டிஷ்ஷை நேரா டிவியிலேயே சொருகுற மாதிரி கவர்மென்ட் புதுசா விதி போட்டிருக்கு ஆச்சி, உங்க டிவி இனி எத்தனை நாளைக்கோ" என்று சொல்லி, 43 இஞ்ச் ஒன்றுக்கு விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆச்சியிடம் இருப்பது எட்டு வருடத்துக்கு முன் பிள்ளைகள் வாங்கி வைத்துவிட்டுப் போன 32 இஞ்ச். வளவுத் தாழ்வாரத்தில், தூணோரமாக, தூசி படாமல் உறை போட்டு வைத்திருப்பார். "தம்பி, இது ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

ஓடும். ஆனால் கடைக்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அதனால்தான் ஊரே நம்புகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் ஐஎஸ் 18112 என்ற தரநிலையை அறிவித்தது. அதன்படி செய்த டிவிக்குள்ளேயே, டிஷ்ஷில் வரும் அலையைப் பிரித்தெடுக்கும் சாட்டிலைட் ட்யூனர் இருக்கும். மாடியில் டிஷ் மாட்டி ஒயரைச் சொருகினால், இலவசச் சேனல்களைத் தனிப் பெட்டி இல்லாமலே பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இனி செய்யப்போகும் டிவிக்கு. வீட்டில் இருப்பதைத் தூக்கிப் போடு என்று அது சொல்லவில்லை.

டிவிக்குள் இருப்பது இரண்டு சரக்கு. வருகிற அலையைப் பிடித்துப் பிரிக்கும் ட்யூனர் ஒன்று. படம் காட்டும் திரை இன்னொன்று. ஒளிபரப்பு முறை மாறினால் ட்யூனர்தான் திணறும். அந்த வேலையை வெளியே ஒரு பெட்டி பார்த்துக்கொண்டால் திரைக்கு என்ன வந்தது? கேபிள் டிஜிட்டலாக மாறி (கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31) செட்டாப் பாக்ஸ் வீட்டுக்குள் வந்த அன்றே நம் டிவி ட்யூனர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டன. எங்கள் தெருவில் அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவிகூட மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகியதும் பாட ஆரம்பித்தது. ஆன்டெனாத் துளை மட்டும் உள்ள ரொம்பப் பழைய செட்டுக்குத்தான் இடையில், பெட்டியிலிருந்து வருவதை ஆன்டெனா அலையாக மாற்றித் தரும் மாடுலேட்டர் என்று சின்னதாக ஒன்று தேவைப்படும்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. பள்ளிக்கூட நாளில், ஓட்டின் மேல் ஏறி ஆன்டெனாக் குழாயைத் திருப்புவது என் வேலை. தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி. "புள்ளி அடிக்குது, இன்னும் கொஞ்சம்" என்று முற்றத்திலிருந்து குரல் வரும். 1987-இல் கொடைக்கானல் டிவி நிலையம் வந்ததும் தெருவில் இருந்த ஆன்டெனாவெல்லாம் மேற்கே திரும்பிக்கொண்டது. அவர்கள் கலரில் அனுப்பியது எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் குறையில்லாமல் தெரிந்தது. கலர் முறையை வகுத்தவர்கள் பழைய பெட்டிக்காரனையும் நினைத்து வகுத்திருந்தார்கள். டிஜிட்டலில் அந்தக் கரிசனம் இல்லை. ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு டிவிபி-டி என்று ஒரு முறை உண்டு. அது மட்டும் தெரிந்த ட்யூனருக்கு, அதற்கு அடுத்து வந்த டிவிபி-டி2 புரியாது. சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் தூர்தர்ஷன் கொண்டுவந்தது இந்த டி2-தான்.

செல்போனுக்கே நேராக டிவி ஒளிபரப்பும் சோதனையும் நடந்திருக்கிறது. ஐஐடி கான்பூரும் பெங்களூர் சாங்க்யா லேப்ஸ் கம்பெனியும் அதில் இருந்தன. அது ஏடிஎஸ்சி 3.0 என்ற வேறொரு முறை. அது வந்தாலும் டிவி பாட்டுக்கு டிவி ஓடும். (எங்கள் ஊர்ச் சுவருக்குள் போன் பேசவே முற்றத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. டிவி எப்படி வரப்போகிறதோ!)

என் குறை வேறு. டிவி வரும் அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 4கே, எத்தனை வாட் சவுண்ட், எத்தனை ஆப் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே என்ன ட்யூனர் என்பது எங்கேயோ பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். "இதில் டிஷ் ஒயரை நேராகச் சொருகலாம்" அல்லது "இதற்குப் பெட்டி வேண்டும்" என்று தமிழில் ஒரு வரி போடக் கம்பெனிகளுக்கு என்ன செலவு? அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, உங்கள் பத்திரிகையாவது இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிழைப்பார்கள். பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

ஆச்சி டிவி வாங்கவில்லை. அந்த விலைச் சீட்டின் பின்பக்கத்தில் இந்த மாதப் பால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.