தோவாளை பக்கத்துல பூ கிடைக்கலையாம்! என் 2,298 ரூபாய் முழுசா திரும்ப வேணும்

கஸ்டமர் கேர் டீமுக்கும் உங்க குறைதீர் அதிகாரிக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை எங்க அப்பா அம்மாவுக்கு 40வது கல்யாண நாள். ஊர் ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம். நான் சென்னைல இருக்கேன், லீவு கிடைக்கல. சித்தப்பாகிட்ட சொல்லி பூ வாங்கலாம்னா அஞ்சு நிமிஷத்துல விஷயம் அம்மா காதுக்குப் போயிரும், அதனால உங்க சைட்ல பின்கோடு போட்டுப் பாத்தேன், 'உங்கள் ஊர் லோக்கல் ஃப்ளோரிஸ்ட் கையால், ஃப்ரெஷ்ஷாக'ன்னு பச்சை டிக்கோட வந்துச்சு. அத நம்பி 24 சிவப்பு ரோஸ் பொக்கே 1,899, டெலிவரி 249, காலைல 7 டு 9 ஸ்லாட்டுக்குன்னு தனியா 150, மொத்தம் 2,298 ரூபாய மூணு நாளைக்கு முன்னாடியே கட்டிட்டேன்.

வெள்ளிக்கிழமை 8:42க்கு 'டெலிவர்டு'ன்னு மெசேஜ் வந்துச்சு. அம்மா இப்ப கூப்பிடுவாங்க, இப்ப கூப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல போன கைலயே வச்சிட்டு உக்காந்திருக்கேன், பத்தரை மணிக்கு அம்மா கூப்பிட்டு 'சாப்டியா மக்களே'ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டாங்க. அப்பதான் புரிஞ்சுது, வீட்டுக்கு எதுவுமே வரல. உங்க கஸ்டமர் கேருக்கு நாலு தடவ போன். மூணு தடவ 'சிஸ்டத்துல டெலிவர்டுன்னுதான் காட்டுது சார்'. நாலாவது தடவ ஒருத்தர், 'சார் அது ரிமோட் ஏரியா, அங்க ஃப்ரெஷ் ஃப்ளவர்ஸ் கிடைக்கிறது கஷ்டம்'னாரு.

எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. தோவாளை பூ மார்க்கெட் எங்க வீட்ல இருந்து பைக்ல பத்து நிமிஷங்க! விடியறதுக்கு முன்னாடியே மூட்ட மூட்டயா பிச்சி, மல்லி, சம்பங்கி, கேந்தி, அரளின்னு வந்து இறங்குற இடம். ஓணம் வந்தா கேரளாக்காரங்க ராத்திரியே வந்து நிப்பாங்க. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை வச்சு மடிச்சு மடிச்சு பாய் மாதிரி கட்டுற தோவாளை மாணிக்க மாலைக்கு 2025ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. ரோஸ் எங்க ஊர்ல விளையாதுதான், ஒத்துக்கிறேன், ஆனா ஓசூர் ரோஸ் கட்டு கட்டா அங்க வந்துட்டுதான இருக்கு.

கடைசில மத்தியானம் 3:20க்கு நாகர்கோவில்ல இருந்து ஒரு தம்பி பைக்ல வந்தாரு. அவருக்கு ஆர்டரே ஒரு மணிக்குத்தான் வந்துச்சாம், கடைக்கு குடுத்தது 800 ரூபாயாம். அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, அம்மா டீ போட்டுக் குடுத்து அனுப்பினாங்க. பொக்கேல எண்ணிப் பாத்தா 17 ரோஸ், அதுல பாதி கழுத்து தொங்கிருச்சு, மேல் இதழ் கருத்துப் போனத மறைக்க ஜிகினா அடிச்சிருக்கீங்க, அம்மா தொட்டதும் அது கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. எனக்கு இதவிட வலிச்சது கார்டுதான். உக்காந்து யோசிச்சு நாலு வரி தமிழ்ல டைப் பண்ணேன், பிரிண்ட்ல வந்தது வெறும் கட்டம் கட்டமா. அப்பா அத வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு 'என்னலே இது, குறுக்கெழுத்துப் போட்டியா?'ன்னு வீடியோ கால்ல கேக்குறாரு. சாயங்காலம் சித்தப்பா ரெண்டு மாலையும் கொஞ்சம் பிச்சிப்பூவும் வாங்கிட்டு வந்தாரு, அதுலதான் போட்டோ எடுத்தாங்க.

நீங்க குடுக்கிறேன்னு சொன்ன 10 சதவீத கூப்பன் எனக்கு வேணாம். கட்டுன பணம் 2,298ம் அக்கவுண்டுக்கு வரணும், பொக்கே, கார்டு, மெசேஜ் எல்லாத்தோட போட்டோவும் இதோட அனுப்பிருக்கேன். ஊர்ல ஆளே இல்லாம 'லோக்கல் ஃப்ளோரிஸ்ட்'னு போடுறத எடுங்க, இல்லன்னா எந்தக் கடை, எந்த ஊர்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே காட்டுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துல பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். இல்லன்னா 1915க்கு போன் போட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சுருவேன்.

அப்புறம் ரேட்டிங் கேட்டு அம்மா நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. போன சனிக்கிழமை உங்க ஆளு கூப்பிட்டப்ப, பாவம் யார் வேலைக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு 'நல்லா இருந்துச்சு மக்கா'ன்னு சொல்லிட்டாங்களாம். அத 5 ஸ்டார்னு எழுதி வச்சு என்கிட்ட ஆதாரமா காட்டாதீங்க.