மேற்குச் சுவர்

கந்தேகவுண்டன்சாவடி,
ஆவணி 26

அன்புள்ள மரகதம்,

போன் போட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் முழுசாகச் சொன்ன மாதிரி இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுப் பத்திரம் முடிந்தது. போன புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு என் பெயரில் கைரேகை வைத்தேன். குனியமுத்தூரில் 27 வருஷம், நாலு வாடகை வீடு. இப்போதுதான் மின்சார பில்லில் என் பெயர் வரப்போகிறது. இதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். அண்ணன் அன்றைக்கு வேலந்தாவளத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டு வண்டியில் வராமல் இருந்திருந்தால், நான் ஆனி மாதமே பத்திரம் முடித்து மாட்டிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு நீ ஊரில் இல்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்த வீட்டைச் சித்திரையில் ஒரு தரம், வைகாசியில் ஒரு தரம் பார்த்தேன். வெயில் காலம். புது பெயின்ட், புது டைல்ஸ், ஜன்னலைத் திறந்தால் வாளையார் மலை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆடியில்தானே நம் பக்கம் வீடு தன் நிஜத்தைக் காட்டும்! பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அந்தக் காற்றும் சாரலும் நேராக வந்து மேற்குச் சுவரில்தான் அடிக்கும். சாவடியில் கட்டினாலும் கொழிஞ்சாம்பாறையில் கட்டினாலும் அதே கதைதான்.

அண்ணன் உள்ளே வந்ததும் ஹாலைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கவில்லை. நேராக மேற்குப் படுக்கையறைக்குப் போய் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைக்கச் சொன்னார். ஈரச்சாக்கைத் தொட்ட மாதிரி இருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை மரகதம், பெயின்ட் அப்படியே வெள்ளையாக இருந்தது. அப்புறம் ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் தரை டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக உட்கார்ந்த இடத்தில் ஒரு சத்தம், அடியில் கலவை பிடிக்காமல் பொள்ளலாக இருந்த இடத்தில் வேறு சத்தம். பதினேழு டைல்ஸில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணியை ஊற்றினால் அது ஓட்டையை விட்டுவிட்டு வாசல்படிக்கு வந்து நிற்கிறது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னார், மாடி பாத்ரூமில் நூல் மாதிரி வந்தது.

நான் இருபது வருஷம் வக்கீல் ஆபீஸில் பத்திரம் டைப் அடித்தவள். வில்லங்கச் சான்றில் ஒரு வரி இடறினால் என் கண்ணில் படும். சுவர் விஷயத்தில் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

பில்டரிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "புது வீட்டில் இதெல்லாம் இருக்கும்க்கா, ஒரு கோடை போனால் காய்ந்துவிடும். வேறு ஆள் ரெடியாக இருக்கிறார்கள்" என்றார். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. இவரும் "விட்டுவிடலாமா, இன்னொன்று பார்க்கலாமா" என்று கேட்டார். ஆனால் ஒப்பந்தத்தை நான்தான் டைப் அடித்திருந்தேன். மூன்று மாதக் கெடு, அதற்குள் குறையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் கட்டடத்தில் குறை வந்தால் அவர் செலவிலேயே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இது தனி வீடு, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்துக்குள் வராது. ரெராவில் பதிவான திட்டமாக இருந்தால் அந்த ஐந்து வருஷம் சட்டமே கொடுக்கும். நமக்கு அது இல்லாததால் எழுதி வாங்கினேன்.

ஒப்பந்தத்தைக் காட்டியதும் ஆள் அனுப்பினார். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பூச்சை உடைத்துப் பார்த்தால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மேலே சன்ஷேட் வேறு உள்பக்கம் சரிந்திருந்தது, தண்ணி வெளியே விழாமல் சுவரோடு இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் திரும்பப் பூசி, ஒரு மணி நேரம் ஹோஸ் பைப்பில் அடித்துப் பார்த்தோம். மறுநாள் கை வைத்தேன், காய்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் பாங்க்குக்கே போனேன்.

பாங்க் கதை சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு 46 லட்சம், அவர்கள் ஆள் வந்து பார்த்து 44 என்றார். அதில் 80 சதவீதம்தான் கடன், 35 லட்சத்து 20 ஆயிரம். பதிவுச் செலவு அதில் சேராது, முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், நான்கு லட்சத்துக்கு மேல் நம் கையிலிருந்து. பத்திரத்தில் தொகையைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம், மிச்சத்தைக் கையில் கொடுங்கள் என்று புரோக்கர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு விற்றால் பத்திரத்தில் இருக்கிற தொகைதான் நான் கொடுத்த விலையாகக் கணக்கில் வரும், மிச்சமெல்லாம் லாபம் என்று வரி கேட்பார்கள். தப்பு என்பது வேறு.

இடத்தையும் டேப் பிடித்து அளந்தேன். வாயால் சொன்னது மூன்று சென்ட், பட்டாவில் இருந்தது 1,198 சதுர அடி, இரண்டே முக்கால். விலையைப் பேசும்போது அந்தக் கால் சென்ட் எனக்கு உதவியது. இன்னொன்று, 30 வருஷ வில்லங்கம் போட்டதில் பில்டர் இந்த இடத்தை வைத்து வாங்கிய ஒரு கடன் நின்றது. "அடைத்தாகிவிட்டது" என்றார். அடைத்திருக்கலாம், ஆனால் கடன் தீர்ந்தது என்று காட்டும் ரத்து ரசீதைப் பதிவு செய்யவில்லை. அது பதிவாகி வில்லங்கத்தில் வந்த பிறகே முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தேன்.

சரி, இப்போது செந்தில் வாங்கப்போகிற வீட்டு விஷயம். பாலக்காடு டவுன் பக்கம் பதினாலு வீடு கட்டுகிறார்கள், 58 லட்சம், இரண்டு லட்சம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் எட்டு லட்சம் கொடுத்தால்தான் அக்ரிமென்ட் போடுவார்களாம் என்று எழுதியிருந்தாய். கொடுக்க வேண்டாம் என்று சொல். எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெராவில் பதிவு செய்தே ஆக வேண்டும். 2016 சட்டப்படி, அக்ரிமென்டைப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. 58-க்கு அது 5 லட்சத்து 80 ஆயிரம். அவர்கள் கேட்பதையும் சேர்த்தால் பத்து லட்சம் ஆகிறது. கேரள ரெரா பதிவு எண்ணைக் கேட்கட்டும், இணையத்தில் போட்டுப் பார்க்கட்டும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சதுர அடியையும் விசாரிக்கட்டும். கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவரைக் கழித்து உள்ளே நாம் புழங்கும் அளவு. விளம்பரப் புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் அது இல்லை.

செலவில் இரண்டு விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் ஜிஎஸ்டி உண்டு, அவனுடைய விலைக்கு 5 சதவீதம், கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம். கட்டி முடித்ததற்குச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. அப்புறம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரிக்கு இவனே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நோட்டீஸ் இவனுக்குத்தான் வரும். பதிவுச் செலவும் உங்கள் கேரளப் பக்கம் அதிகம், 8-ம் 2-ம் சேர்த்துப் பத்து சதவீதம்.

காகிதப் பெயர்கள்தான் மாறும். நாங்கள் பத்திரம் என்பதை அங்கே ஆதாரம் என்கிறார்கள், பட்டா மாறுதலுக்குப் போக்குவரவு. கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீது கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட ஒன்றை அண்ணனே வில்லேஜ் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த இடம் பதிவேட்டில் நிலம் என்று இருக்கிறதா, புரையிடம் என்று இருக்கிறதா. நிலம் என்றால் வயல், புரையிடம் என்றால் மேட்டு இடம். 2008-இல் வந்த வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதில் மண் போட்டு மேடாக்கிக் கட்டுவது பெரிய சிக்கல். மேலே இன்றைக்குக் கருங்கல் மதில் இருக்கிறது என்பதால் கீழே வயல் இல்லை என்று ஆகிவிடாது. அண்ணனுக்கு மண்ணைப் பார்த்தாலே தெரியும், இருந்தாலும் எழுத்தில் பார்க்க வேண்டும். தேவையான காகிதங்களின் நகலை எனக்கு அனுப்பி வை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. கட்டும்போது வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றச் சொல்லியிருக்கிறேன், அதுவரை யூனிட்டுக்குக் கூடுதல் பணம் போகும். தண்ணிதான் எனக்குக் கொஞ்சம் கவலை. சிறுவாணித் தண்ணி குடித்துப் பழகிவிட்டேன், இங்கே போர் தண்ணியில் துணி துவைத்தால் நுரையே வரவில்லை. உங்கள் பாலக்காட்டு ஜில்லா மலையில் பெய்த மழையைத்தான் இத்தனை வருஷமாகக் குடித்திருக்கிறேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

புரட்டாசி வருகிறது, அதனால் பால் காய்ச்சுவது ஐப்பசியில்தான். நாள் குறித்ததும் சொல்கிறேன். நீயும் அண்ணனும் முந்தின நாளே வந்துவிடுங்கள், சாவடியில் இறங்கினால் இவர் வண்டியோடு நிற்பார். மேற்குச் சுவர் ஆடியைத் தாண்டிவிட்டது. ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கத்துச் சுவர் இன்னும் ஒரு மழையையும் பார்க்கவில்லை. அண்ணனை ஒரு ரூபாய்க் காசோடு வரச் சொல்.

உன்,
விஜயா