மீன் அமிலம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மழை விட்ட மறுநாள் ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். கத்தரி வயலில் தண்ணீர் நின்று செடியெல்லாம் வெளுத்துவிட்டதாம். "மீன் அமிலம் அஞ்சு லிட்டர் குடுப்பா, டபுளா ஊத்திடுறேன்" என்றார். நாங்கள் கொடுக்கவில்லை. வந்த வியாபாரத்தை ஏன் விட்டீர்கள் என்று பக்கத்தில் நின்றவர்களே கேட்டார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

மீன் அமிலம் என்பது மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கரைசல். ஊறும்போது மீனின் புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் வெளிவரும். அவை தண்ணீரில் கரைபவை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வோ கொழுப்பால் ஆனது. எண்ணெயில் உப்பு கரையாத கதைதான். தானாக உள்ளே போக வழியில்லை. அதற்கென்று சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன.

அவையும் சும்மா வேலை செய்யாது. செல் தன் ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் பொருள்) செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வெளிப்பக்கம் பிஎச் 5.5 வாக்கில் புளிப்பாகவும், உள்ளே 7-க்குச் சற்று மேலாகவும் இருக்கும். வெளியே குவிந்த அயனி திரும்ப உள்ளே பாயும்போது, கடத்திப் புரதம் அந்த வேகத்திலேயே அமினோ அமிலத்தையும் சேர்த்து இழுத்துவிடும். மோட்டார் போட்டு மேல்தொட்டியில் ஏற்றிய தண்ணீர், இறங்கும் வேகத்தில் வேலை செய்வது போல. வேரில் இதைப் பெரிதும் செய்யும் கடத்திக்கு எல்எச்டி1 என்று பெயர். (ஞாபகம் வைக்க வேண்டாம், பில்லில் வராது.) கடுகு இனத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் அந்த மரபணுவை முடக்கியபோது, வேர் அமினோ அமிலம் எடுப்பது வெகுவாகக் குறைந்துபோனது.

சரி, அண்ணன் வயலுக்கு வருவோம். தண்ணீர் நின்றால் வேருக்கு மூச்சில்லை. ஏடிபி குறையும், மோட்டார் படுத்துவிடும். ஊற்றியதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிச்ச ஆக்சிஜனையும் காலி செய்துவிடும். முதலில் வடிகால் வெட்டச் சொன்னோம்.

நல்ல மண்ணிலும் பெரும்பங்கை நுண்ணுயிர்கள்தான் முந்திக்கொள்ளும். அவை அம்மோனியமாக, நைட்ரேட்டாக மாற்றித் தருவதையும் வேர் எடுக்கும். ஊற்றியது அப்படியே செடிக்குள் போகிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நாங்களே சொன்னாலும். கடத்திகளுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அவை நிரம்பிய பிறகு டபுளாக ஊற்றி என்ன பயன்?

தெளிப்பதானால் 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி போதும், அதுவும் சாயங்காலம். இலையின் மெழுகைத் தாண்டி செல்லை எட்டும்வரை ஈரம் காயாமல் இருக்க வேண்டும்.

அண்ணன் வாய்க்கால் வெட்டிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு ஒரு லிட்டர் எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இயற்கை இடுபொருள் கடை