வீரர் போனால் மட்டும் துரோகமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் குடியிருக்கும் வாசகன் நான். 2025 ஏப்ரலில் எங்கள் டென்னசி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) நிக்கோ இயமலேயாவா பயிற்சிக்கு வராமல் விலகி, லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சம்பளப் பேச்சில் தகராறு என்று செய்தி வந்தது. முந்தைய சீசனில் அணியை தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று வரை கொண்டுபோனவர் அவர்தான்.

ஊரே கொதித்தது. எதிர்வீட்டுக்காரர் நிக்கோவின் எட்டாம் எண் ஆரஞ்சு ஜெர்சியைக் குப்பைத் தொட்டியில் திணித்தார். மூடி சரியாக மூடவில்லை, கை வெளியே தொங்கியது. கோபம் சரி. ஆனால் இருபது வயதுப் பையனின் அப்பா அம்மாவையெல்லாம் ஏசுவது என்ன நியாயம்?

பயிற்சியாளர் லேன் கிஃபின் ஒரே சீசன் முடிந்ததும், 2010 ஜனவரியில், எங்களை விட்டு யுஎஸ்சி பல்கலைக்கழகத்துக்குப் போனாரே! அன்றும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் பயிற்சியாளர்கள் இடம் மாற எந்தத் தடையும் வரவில்லை. வீரர்களோ 2021 வரை, மாறினால் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது.

மாணவ வீரர்களுக்கும் முறையான பல்லாண்டு ஒப்பந்தம் போடுங்கள். அதை மீறிப் போனால் அப்புறம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், நாக்ஸ்வில்