குற்றம் சொன்ன இடத்திலேயே குற்றமில்லை என்றும் சொல்லுங்கள்

கபடித் தொடரின் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் தொடரின்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்திருக்கும் வீரன் என் மாணவன். ஆறாம் வகுப்பில் அண்ணனுடைய பழைய அரைக்கால் சட்டையோடு என் முன்னால் வந்து நின்றவன். அந்த உரிமையில் 'அவன்' என்றே எழுதுகிறேன். பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர் அடிபட்டதெல்லாம் போதும்.

சென்ற வாரம் தங்கள் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலுரையை அவன் என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான். அதில் ஒரு வரி: "விசாரணையின் முடிவு வாதிக்கு மின்னஞ்சல் வழியாக முறைப்படி தெரிவிக்கப்பட்டுவிட்டதால், பொது அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை." இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அன்றைய ஆட்டம் தங்களுக்கு நினைவிருக்கும். கடைசிப் பாட்டு, அதாவது கடைசி ரெய்டு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவன் இடது ஓரமாகப் பாடிப் போனான், களத்தின் ஓரத்துப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தான், திரும்பி ஓடி நடுக்கோட்டைத் தொட்டான். யாரையும் தொடாமல் லாபிக்குள் போனதாக நடுவர் கை தூக்கினார். தொட்டேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்பும் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. அதோடு முடிந்திருந்தால் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். மறுநாள் மாலை, அடுத்த ஆட்டத்தின் இடைவேளையில், மைதானத்துப் பெரிய திரையில் அவன் படத்தைப் போட்டு, "சந்தேகத்துக்கு இடமான ஆட்டம், விசாரணை முடியும்வரை இடைநீக்கம்" என்று அறிவித்தீர்கள். பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே புள்ளியை விட்டான் என்பதுதான் அதன் பொருள். தொலைக்காட்சியிலும் அது வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அந்த நேரத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். அவனுடைய அம்மாவும் இருந்தார். அன்று மகன் களத்தில் இல்லாவிட்டாலும் மகனுடைய அணி ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார்.

எட்டு மாதம் விசாரித்தீர்கள். எதிரணி வீரரின் விரல் அவன் குதிகாலில் உரசியது பதிவில் தெளிவாகத் தெரிகிறது என்று தங்கள் குழுவே எழுதியது. தொட்டுவிட்டால் லாபியும் ஆடுகளத்தில் சேர்ந்துவிடும் என்பது கபடி ஆடும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அவன் எடுத்தது புள்ளி. தவறு நடுவருடைய கண்ணில். நடுவரை நான் குறை சொல்லவில்லை; நானும் ஊதல் ஊதியவன்தான், அந்த வேகத்தில் ஒரு விரல் உரசுவது கண்ணில் படாமல் போகும். ஆனால் இந்த முடிவை எங்கே அறிவித்தீர்கள்? அவன் ஒருவன் மட்டும் திறந்து பார்க்கும் மின்னஞ்சலில், நான்கு வரியில். பழியை ஊரறியச் சொன்னீர்கள். பழி இல்லை என்பதை அவன் காதில் மட்டும் சொன்னீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். குற்றம் சொன்ன இடத்திலேயே குற்றமில்லை என்றும் சொல்லுங்கள். அதே திரையில், அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில்.

அவன் லாபியை ஒட்டி ஓடக் கற்றுக்கொண்ட கதை தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் கபடிக் களம் போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதன் இடப்பக்கம் முழுவதும் பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட முள்வேலி. சுண்ணாம்புக் கோட்டுக்கும் வேலிக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. கோட்டைத் தாண்டினால் முள் கிழிக்கும். மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயப்படுவார்கள். இவன் மட்டும் அங்கேதான் போவான். பிடிக்க வருகிறவர்களும் முள்ளுக்குப் பயந்து அரைமனதோடுதான் வருவார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்துவிட்டான். கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே, வெறுங்காலோடு, கீழே பார்க்காமல் ஓடுவான். கோடு எங்கே இருக்கிறது என்று அவன் பாதத்துக்கே தெரியும். அந்தப் பாதத்தைத்தான் வேண்டுமென்றே கோடு தாண்டியதாகச் சந்தேகித்தீர்கள்.

கடந்த பொங்கலுக்குத் தீர்த்தமலைப் பக்கத்தில் ஓர் ஊரில் ஆட்டம். தங்கள் மின்னஞ்சல் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இரண்டு நாள் கெஞ்சி அவனை ஆட அழைத்துப் போனேன். நான் இடப்பக்க ஓரக் கோட்டருகே நின்றிருந்தேன். முதல் பாட்டில் இடது ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரனான கார்னரை நோக்கிப் போனான். பழைய ஆளாக இருந்தால் அந்தக் கார்னர்காரனை இழுத்துக்கொண்டே கோடுவரை வந்து, ஒரு திருப்பத்தில் அவனை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பியிருப்பான். அன்று கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போதே குனிந்து தரையைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியில் கணுக்கால் பிடியில் விழுந்தான். இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மூன்றாவதில் அவன் விழுந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனின் குரல் வந்தது: "இதற்கு எவ்வளவு அண்ணா?" சிலர் சிரித்தார்கள். அந்தச் சிறுவனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. தங்கள் அறிவிப்பை அவன் படித்திருக்க முடியாது. யாரோ வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறான்.

ஆட்டம் முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "கோட்டுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருந்தது, சார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வழக்குப் போட்டது பணத்துக்காக என்று தங்கள் தரப்பில் சிலர் பேசுவதாக அறிகிறேன். அவதூறுக்கு இழப்பீடு கேட்கச் சட்டம் கொடுத்திருக்கும் கால அவகாசம் ஓராண்டு. அதில் எட்டு மாதத்தைத் தங்கள் விசாரணை எடுத்துக்கொண்டது. முடிவு வந்த பிறகும் அவன் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. இன்று அறிவிப்பார்கள், நாளை அறிவிப்பார்கள் என்று மூன்று மாதம் காத்திருந்தான். மூன்று கடிதம் எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஓராண்டு முடிய இருபத்திரண்டு நாள் இருந்தபோதுதான் வழக்குப் பதிவானது. கேட்டது 10 லட்சம். அதற்கு மூன்று சதவீத நீதிமன்றக் கட்டணம் 30,000 ரூபாய். 2017க்கு முன்பு ஏழரை சதவீதம். அந்தக் கணக்கென்றால் 75,000 ரூபாய், எங்களால் படியேறியே இருக்க முடியாது. இந்த 30,000 எப்படி வந்தது தெரியுமா? தோண்டுவதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்த குச்சிக்கிழங்குக் காட்டின்மேல் அவன் அம்மா வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் விலையை வியாபாரிதான் சொல்வார். அவன் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருகிறவர், அந்த மாதம் வரவில்லை. பஸ் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில், வழக்கைத் தங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் பதிலுரையில் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எங்கள் வழக்கறிஞர் எனக்குப் படித்துக் காட்டினார். டெல்லியில் குடியிருக்கும் ஒருவர் கல்கத்தாவில் இன்னொருவரைப் பற்றி அவதூறு வெளியிட்டால், பாதிக்கப்பட்டவர் இரண்டு ஊரில் எங்கு வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம் என்று சட்டமே எடுத்துக்காட்டுப் போட்டு எழுதியிருக்கிறது. அந்த அவமானம் தங்கள் அலுவலகத்தில் நடக்கவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில், அவன் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நடந்தது. வழக்கும் தருமபுரியில்தான் நடக்க வேண்டும்.

சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய கையோடு அவருடைய பந்துவீச்சு முறையின்மேல் புகார் வந்தது. கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே ஆஸ்திரேலிய மண்ணில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவருக்குத் திரும்பி வர ஒரு வழி திறந்திருந்தது. என் மாணவன் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? தவறே செய்யவில்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே.

நீதிமன்றம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் அசாருதீன் மீது 2000இல் சூதாட்டப் புகாரில் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது. அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது 2012இல். அப்போது அவருக்கு வயது 49. நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ர்ன்ஸ், தன்மீது சூதாட்டப் பழி சொன்ன ஐ.பி.எல். முன்னாள் தலைவர் லலித் மோடிமேல் லண்டனில் வழக்குப் போட்டு 2012இல் வென்றார். 90,000 பவுண்ட் இழப்பீடு. வென்ற பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 2014இல் அவர் ஆக்லாந்தில் பஸ் நிழற்குடைகளைக் கழுவும் வேலைக்குப் போனார். அந்த வழக்கில் பொய் சொன்னதாக 2015இல் அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அதிலும் விடுதலையானார். உலகமறிந்த ஆட்டக்காரர்கள் கதியே இது. கபடி வீரனின் கால் அதிக ஆண்டுகள் ஓடாது. என் மாணவனுக்கு இப்போது இருபத்து நான்கு. தீர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வழக்கு நடப்பதால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது முறையல்ல.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. முதல் தொடரின்போது தங்கள் படப்பிடிப்புக் குழுவினர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஓட்டு வீட்டைப் படம் பிடித்தார்கள். அவன் அம்மாவை அடுப்பருகே உட்காரவைத்துக் களி கிண்டச் சொன்னார்கள். முள்வேலி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடச் சொன்னார்கள். 'வறுமையை வென்ற வீரன்' என்று விளம்பரம் வந்தது. ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். அடுத்த ஆண்டு அந்த இடைநீக்க அறிவிப்பில், "வீரரின் பொருளாதாரப் பின்னணியும் கருத்தில் கொள்ளப்படும்" என்று ஒரு வரி சேர்த்தீர்கள். விளம்பரத்துக்கு உதவிய அதே ஓட்டு வீடு, அதே அடுப்பு, லஞ்சம் வாங்கியிருப்பான் என்பதற்குக் காரணமாகிவிட்டது. ஏழையென்றால் விலைபோவான் என்று எழுதிய கை யாருடையது? இந்த மாவட்டத்திலிருந்து தங்கள் தேர்வு முகாமுக்கு வரும் ஒவ்வொரு பையனும் இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வருகிறான். அவர்கள் எல்லாரையும் இப்படித்தான் பார்க்கிறீர்களா? போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர், தன் மகனை முகாமுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு ஆண்டில் ஒரு பிள்ளையைப் பார்த்து நான் ஆடப் போகாதே என்று நினைத்தது அதுதான் முதல் தடவை.

கோபத்தில் சில சொற்கள் கடுமையாக விழுந்திருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் தொடர் நன்றாக நடக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். கபடிக்குப் பணமும் மரியாதையும் தங்களைப் போன்றவர்களால்தான் வந்தன, அதை மறுக்கமாட்டேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். குற்றம் சொன்ன இடத்திலேயே குற்றமில்லை என்றும் சொல்லுங்கள். வரும் தொடரின் முதல் நாள், இடைவேளையில், பெரிய திரையில், அவன் படத்தோடு: தொட்டான், புள்ளி அவனுடையது, அவன்மீது எந்தக் குற்றமும் இல்லை. இந்த மூன்று செய்தி போதும். பின்னணி பற்றிய அந்த வரியைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு வார்த்தை சேருங்கள். மன்னிப்பு என்ற சொல் தங்களுக்குக் கடினமாக இருந்தால் அதைக்கூட விட்டுவிடுங்கள்.

இதை அவனிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கியே அனுப்புகிறேன். தாங்கள் அறிவிக்கும் அன்றைக்கே, இழப்பீட்டுத் தொகையில் ஒரு ரூபாயும் வாங்காமல் வழக்கைத் திரும்பப் பெறத் தயார் என்று தங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னான். அடுத்த வாய்தா வரும் 18ஆம் தேதி. அதற்கு முன்பு ஒரு பதில் வந்தால் அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அன்றைக்கு டீக்கடையில் தொலைக்காட்சியைப் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.