முதலில் வரையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வரும் ஒருங்கமை நேரிய சமன்பாடுகள் பாடம், அதாவது இரண்டு சமன்பாட்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் எக்ஸ், ஒய் மதிப்பைக் கண்டுபிடிக்கும் பாடம் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புத்தகத்தில், ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு கோடாக வரைந்து இரண்டும் வெட்டும் புள்ளியை விடையாக எடுக்கும் வரைபட முறைதான் முதலில் இருக்கிறது, பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் எல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் பலரும் வரைபடத்தைத் தாண்டிக் குதித்து நேராக, பெருக்கிக் கழித்து ஒரு மாறியை நீக்கிவிடும் நீக்கல் முறைக்குப் போய்விட்டு வருகிறார்கள், கேட்டால் அதுதான் சீக்கிரம் முடியும் என்று பள்ளியில் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒரு பிள்ளை 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 24 என்ற கணக்கைப் போட்டாள். முதல் சமன்பாட்டை 2 ஆல் பெருக்கிக் கழித்தால் 0 = 12 என்று வந்து நிற்கிறது. தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசே கேட்கவில்லை.

எங்களுடையது பழைய வீடு, வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கல்லும் கல்லும் சேரும் கோடுகளே நல்ல கட்டம்தானே, சாக்பீஸால் அதில் இரண்டு அச்சும் போட்டேன். ஒய்க்கு 0 கொடுத்தால் முதல் சமன்பாட்டில் எக்ஸ் 3, எக்ஸுக்கு 0 கொடுத்தால் ஒய் 2. வலப்பக்கம் மூன்று கல், மேலே இரண்டு கல் எண்ணி, அந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். இரண்டாவதற்கு ஆறு கல், நாலு கல், இன்னொரு நூல். அவளே குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது ரெண்டும் எவ்வளவு தூரம் இழுத்தாலும் சேரவே சேராதா?" என்றாள். சேராது என்றேன். "அப்ப நான் போட்டது தப்பில்லையா?" தப்பே இல்லை, தீர்வு இல்லை என்பதுதான் அதற்கு விடை. அந்த 24ஐ 12 ஆக்கிப் போடச் சொன்னேன், இரண்டு நூலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது, அந்தக் கோட்டில் உள்ள எல்லாப் புள்ளியும் தீர்வு என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

வாடகை வண்டிக் கணக்கும் இதுதான். ஒரு வண்டிக்கு 300 ரூபாயும் கிலோமீட்டருக்கு 15ம், இன்னொன்றுக்கு 200ம் கிலோமீட்டருக்கு 20ம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடும் 20 கிலோமீட்டர், 600 ரூபாய் என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். பிள்ளையார்பட்டி அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும், அதற்கு இரண்டாவது வண்டி லாபம்; மதுரை போவதென்றால் முதல் வண்டி. நீக்கல் முறை 20, 600 என்ற விடையை மட்டும் கொடுக்கும், அதற்கு முன்னாலும் பின்னாலும் எது மேலே எது கீழே என்பது படத்தில் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

வரைபடம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ் + 2ஒய் = 5, எக்ஸ் − ஒய் = 1 என்ற ஜோடிக்கு விடை எக்ஸ் 7/3, ஒய் 4/3. கட்டத் தாளில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அதைத் துல்லியமாகப் படிக்க முடியாது, அங்கே நீக்கல் முறை வேண்டும்தான். ஆனால் வரைந்துவிட்டுப் போட்டால், எக்ஸ் 2க்கும் 3க்கும் நடுவில் வர வேண்டும் என்பது பிள்ளைக்கு முன்னாலேயே தெரியும், குறி மாறி 7 என்று வந்தால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வரும்போது கோடு போய்த் தளம் வருகிறது, இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையைக் காட்டினால் போதும், இதில் பழகிய பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பாடத்துக்கு இரண்டு வகுப்பு கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, முதலில் வரையச் சொல்லுங்கள். உங்கள் நாளிதழும் மாணவர்களுக்கு மாதிரி வினா விடை போடும்போது, விடையோடு நிறுத்தாமல் பக்கத்திலேயே கொஞ்சம் வெற்றுக் கட்டம் அச்சிட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் பென்சிலால் அதிலேயே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டியூசன் ஆசிரியை,
காரைக்குடி